பழைய வண்டி

வீட்டு வாயிலில் மோட்டார் வண்டி ஒன்று நிற்பது செல்வத்தின் அடையாளம் என்று மக்கள் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வெண்ணம் பெரிதும் மாறிவிட்டது. செல்வர் புதிய வண்டி வாங்குகின்றனர். சில ஆண்டுகள் ஓட்டியபின் அதனை விற்றுவிட்டு வேறொன்று வாங்குகின்றனர். அவர்கள் விற்ற வண்டி நடுத்தரக் குடும்பத்தார் கைக்கு வருகிறது. அவர்களும் விற்கும்போது அஃது எளிய வருவாய் உடையோரிடம் வந்து சேர்கிறது. மேட்டு வயலில் பாய்ந்த வாய்க்கால் நீர், பின்னர்ப் பள்ளத்து வயலுக்கு இறங்குவதுபோல, வண்டியும் கைமாறிக் கைமாறி இறங்கி வருகிறது. மேலே ஆடம்பரமாக இருந்தது கீழே பயிரைக் காக்கும் நீராகிவிடுகிறது. அவ்வாறு இறங்கி வந்த ஒரு வண்டியையும், அதனை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தையும் இங்கே காண்போம்.

கும்பகோணத்தில் தனியார் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் ஒருவர் பணியாற்றி வந்தார். மனைவி, பள்ளியில் பயிலும் மகள், முதிய தந்தை ஆகியோர் அவர் குடும்பத்தினர். வருவாய் குடும்பச் செலவுக்குப் போதுமானதாக இருந்தது, மிச்சம் சிறிதே. 2012ஆம் ஆண்டில் அவர் தந்தையின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. குருதியில் தேங்கும் கழிவுகளையும் மிகுதியான நீரையும் பொறியின் துணையால் பிரித்தெடுக்கும் டயாலிசிஸ் என்னும் சிகிச்சை, வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் செய்யப்பட வேண்டும் என்று மருத்துவர் கூறினார். அச்சிகிச்சைக்குத் தஞ்சாவூரில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அதுவும் காலை ஆறு மணிக்கு.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்துகளுக்குக் குறைவில்லை. ஆயினும், சிகிச்சை முடிந்து எழும் நோயாளிக்குக் கால்கள் தள்ளாடும், தலை சுற்றும். கூட்டம் மிகுந்த பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருவது அம்முதியவரால் இயலவில்லை. ஒருநாள் அவர் பேருந்திலேயே மயங்கிச் சரிந்தார். வாடகைக் கார் அமர்த்தினால் ஒருமுறை சென்றுவர 1,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. மாதம் எட்டு அல்லது ஒன்பது முறை அத்தொகையைக் கொடுப்பது அவர் வருவாய்க்கு ஏற்றதன்று. எழுத்தரின் மைத்துனர், "கடன் பெற்றுப் புதிய கார் ஒன்று வாங்குங்கள்" என்றார். மருந்துக்கே பணம் தேட வேண்டிய நிலையில், மாதந்தோறும் தவணை கட்டும் சுமையையும் தலைமேல் ஏற்ற எழுத்தர் துணியவில்லை. அவர் கையில் இருந்த சேமிப்பு 60,000 ரூபாய். அத்தொகைக்குள் ஒரு பழைய காரே கிடைக்கும். ஆகவே, அதனைத் தேடலானார்.

அவர் தேடியது மாருதி 800 என்னும் சிறிய கார். நம் நாட்டில் நெடுங்காலம் சாலைகளை ஆண்டவை அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஆகும். அரியானா மாநிலத்துக் குர்கானில் உருவான மாருதி 800 கார் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 2014ஆம் ஆண்டு சனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அந்த 30 ஆண்டுகளில் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு முதல் காராக அமைந்தது அதுவே. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறு எஞ்சின் அதற்குப் போதும். அது சுமக்கும் உடலும் எடை குறைந்தது. எண்ணிக்கையில் மிகுந்திருந்தமையால் அதன் உதிரிப் பாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைத்தன. அதனைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் எங்கும் இருந்தனர். எளியோர் பழைய கார் வாங்க எண்ணும்போது அதனை முதலில் நாடியதற்கு இவையே காரணங்கள்.

ஊரில் ஓய்வுபெற்ற தபால் அலுவலர் ஒருவர் தம் காரை விற்கப்போவதாக எழுத்தர் கேள்வியுற்றார். அது 1998ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்டது. ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்று கருதி, அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார். அம்மெக்கானிக் முதலில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும் எஞ்சினே உண்மை பேசும். பின்னர் ஒரு சிறு காந்தத்தை வண்டியின் உடலில் அங்கங்கே வைத்தார். இரும்புத் தகடு உள்ள இடத்தில் காந்தம் பற்றிக்கொள்ளும்; துருப்பிடித்த இடத்தை மாவுப் பூச்சால் நிரப்பி மேலே வண்ணம் அடித்திருந்தால் பற்றாது விழும். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் கறுத்திருப்பது இயல்பு. பாலும் நீரும் கலந்தாற்போல வெளுத்திருப்பின் எஞ்சினுக்குள் நீர் புகுகிறது என்பது பொருள். வண்டியைக் கிளப்பிப் புகையின் நிறத்தையும் நோக்கினார். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டும். இவற்றுள் எக்குறையும் அவ்வண்டியில் இல்லை.

சோதனை முடிந்தபின், விற்பவர் தாமே பேசத் தொடங்கினார். "ஐயா, நீங்கள் காணாத குறைகள் மூன்று உள்ளன. இடப்பக்கக் கண்ணாடி இறங்காது. பின்னிருக்கையின் கீழே தளத்தில் துரு தொடங்கியிருக்கிறது. ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே நீர் செல்லும் இரப்பர்க் குழாய் பழையதாகிவிட்டது, அதனை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்" என்றார். பிறகு, நீல அட்டையிட்ட நோட்டு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். வண்டிக்கு எந்த நாளில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எத்தனை கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றப்பட்டது என்பனவெல்லாம் அதில் தெளிவான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. 48,000 ரூபாய்க்கு விலை முடிந்தது.

வண்டியை வாங்குவதோடு செலவு முடிவதில்லை. யானை வாங்கியவன் அங்குசமும் வாங்கத்தானே வேண்டும்? காரை வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சாலையில் பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றி வண்டி ஓட்டலாகாது. புகைச் சோதனைச் சான்றும் வேண்டும். சொந்த உபயோகத்துக்குரிய காரின் பதிவு, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டி தகுதியுடையது என்று காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கும், தேய்ந்திருந்த இரண்டு டயர்களை மாற்றுவதற்கும் எஞ்சியிருந்த சேமிப்புச் சென்றது. இரப்பர்க் குழாயை மாற்ற 400 ரூபாய் போதும் என்று மெக்கானிக் சொன்னார். "ஓடுகிற வண்டியை இப்போது ஏன் பிரிக்க வேண்டும்? அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்" என்று எழுத்தர் அதனைத் தள்ளிவைத்தார். அடுத்த மாதமும் அவ்வாறே சென்றது. நீல நோட்டு வண்டியின் முன்னறையில் பிரிக்கப்படாமலே கிடந்தது.

கார் வந்தபின் குடும்பத்தின் நிலை மாறியது. விடியற்காலையில் தந்தையைப் பின்னிருக்கையில் தலையணையோடு சாய்த்து அமர வைத்து, எழுத்தர் மெல்ல ஓட்டிச் செல்வார். சிகிச்சை முடிந்ததும் முதியவர் கண்ணயர்ந்தவாறே வீடு வந்து சேர்வார். சென்று வர 80 கிலோமீட்டர்; ஐந்து அல்லது ஆறு லிட்டர் பெட்ரோல். காவிரிக் கரை ஊர்களும், நெல் வயல்களும், பாபநாசமும் அய்யம்பேட்டையும் சாளரத்தின் வழியே கடந்து செல்வதைக் காண்பது நோயுற்றவருக்கு ஓர் ஆறுதலாயிற்று.

2013ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை, பாபநாசத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள் மேலேறத் தொடங்கியது. எழுத்தர் அதனைக் கண்டார். "அய்யம்பேட்டை அருகில்தானே, அங்கே நிறுத்திப் பார்ப்போம்" என்று எண்ணி மேலும் ஓட்டினார். இரண்டு கிலோமீட்டர் செல்வதற்குள் முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்ணிற ஆவி சீறி எழுந்தது. எஞ்சின் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. இரப்பர்க் குழாய் வெடித்து, இருந்த நீர் முழுவதும் சாலையில் கொட்டியிருந்தது.

எஞ்சினுள் பெட்ரோல் எரியும்போது எழும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரங்களைச் சுழற்றும் ஆற்றலாக மாறுகிறது. ஏனைய வெப்பம் புகையோடும், எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரோடும் வெளியேற வேண்டும். நீர் இல்லையேல் வெப்பம் உள்ளேயே தங்கி, அலுமினியத்தால் ஆன எஞ்சின் தலைப்பகுதியை வளைத்துவிடும். அதன் கீழுள்ள காஸ்கெட்டையும் எரித்துவிடும். முள் ஏறியவுடனே நின்றிருந்தால் குழாய் மட்டுமே பழுதாகியிருக்கும். அந்த இரண்டு கிலோமீட்டர் எஞ்சினையே பழுதாக்கிவிட்டது.

எழுத்தர் அப்போது எஞ்சினை நினைக்கவில்லை. சாலையோரத்துப் புளிய மரத்தடியில் தந்தையை அமர வைத்துவிட்டு, கைகாட்டிக் கைகாட்டி நின்றார். ஆறு மணிக்குச் சிகிச்சை; இரண்டு நாட்களாகச் சேர்ந்த நீரால் முதியவரின் கால்கள் வீங்கியிருந்தன; மூச்சும் வாங்கியது. விரைந்து சென்ற வண்டிகள் நிற்கவில்லை. நெடுநேரம் கழித்து, காய்கறி ஏற்றிச் சென்ற சிறு லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் ஒன்றும் வினவாமல் முதியவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி முன்னிருக்கையில் அமர்த்தி, தம் சந்தை நேரத்தையும் பொருட்படுத்தாமல் மருத்துவமனை வாயில்வரை கொண்டுசென்று விட்டார். கூலி கொடுக்க முற்பட்டபோது கையசைத்துச் சென்றுவிட்டார். காலம் தாழ்ந்தமையால் அன்று சிகிச்சை நான்கு மணி நேரம் நடைபெறவில்லை. இரண்டரை மணி நேரமே நடைபெற்றது. அன்றிரவு முழுவதும் முதியவர் படுக்க இயலாமல் உட்கார்ந்தவாறே மூச்சுக்குத் தவித்தார். எழுத்தர் அவர் முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தார்.

"ஏமாந்து போனோம், அப்பா. பழைய வண்டியை நம்பியது பெரும் பிழை" என்றார் எழுத்தர்.

முதியவர் மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "வண்டி நம்மைக் கைவிடவில்லை, தம்பி. விற்றவர் சொன்னார், மெக்கானிக் சொன்னார், முள்ளும் ஏறிச் சொல்லிற்று. மூன்று பேர் சொல்லியும் நாம் கேட்கவில்லை."

மறுநாள் எழுத்தர் நீல நோட்டை முதன்முறையாகப் பிரித்தார். முதற்பக்கத்திலேயே, சிவப்பு மையில், "நீர்க்குழாய் மிகப் பழையது. முதல் வேலையாக மாற்றுக" என்று எழுதி அடிக்கோடும் இடப்பட்டிருந்தது. 400 ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு 9,000 ரூபாய் செலவாயிற்று. மனைவியின் வளையல் ஒன்று அடகுக் கடைக்குச் சென்றது.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு உரியதாயிற்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர் பார்ப்பார். சூடாக இருக்கையில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும் என்பதை மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். எண்ணெய், பிரேக் திரவம் இவற்றின் அளவைக் காண்பார். பேட்டரியின் முனைகளில் பூத்திருக்கும் வெண்ணிற உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். டயர்களின் காற்றையும் பள்ளத்தையும் பார்ப்பார், பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அந்த டயர் சாலைக்குத் தகுதியற்றது. கண்டவற்றையெல்லாம் நோட்டில் எழுதுவார். முன்னவரின் கையெழுத்து முடிந்த இடத்தில் இவருடைய கையெழுத்துத் தொடங்கியது. ஒலியிலும் அவர் காது பழகிற்று. வளைவில் திரும்பும்போது எழும் 'கடகட' ஒலி எதனைக் குறிக்கும், பிரேக் மிதிக்கையில் எழும் கிறீச்சொலி எதனைக் குறிக்கும் என்பன அவருக்கு விளங்கலாயின. குழந்தையின் அழுகையைக் கேட்டே பசியா, வலியா என்று தாய் அறிவதுபோல அவர் வண்டியின் குறையை அறிந்தார்.

பழைய வண்டியின் குறைகளை அவர் மறைத்துப் பேசியதில்லை. மோதலின்போது விரிந்து காக்கும் காற்றுப்பை அதில் இல்லை. இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநருக்குரிய காற்றுப்பை இருந்தே தீர வேண்டும் என்னும் விதி 2019ஆம் ஆண்டு சூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய எஞ்சின் வெளிவிடும் புகையும் புதியதன் புகையைவிடத் தீயது. ஆகவே அவர் 50 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் செல்வதில்லை, இருக்கைப் பட்டை அணியாமல் வண்டியைக் கிளப்புவதில்லை, தேவையின்றி ஓட்டுவதுமில்லை. ஆனால், நள்ளிரவில் அண்டை வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகால வலி எடுத்தபோதும், தெருக்கோடி வீட்டுச் சிறுவனைப் பாம்பு தீண்டியபோதும் அத்தெருவார் தட்டியது அவர் கதவையே. இரண்டு முறையும் வண்டி முதல் திருகலிலேயே கிளம்பிற்று.

2018ஆம் ஆண்டின் இறுதியில் முதியவர் காலமானார். ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 600 முறை அவ்வண்டி அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுசென்று மீட்டு வந்திருந்தது. இடையில் இருமுறை அதன் பதிவும் புதுப்பிக்கப்பட்டது. அந்த ஒருநாளைத் தவிர, அது வழியில் நின்றதே இல்லை.

2021ஆம் ஆண்டில் மகள் கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. கட்டணம் 30,000 ரூபாய். எழுத்தர் காரை விற்க முடிவு செய்தார். காய்கறிக் கடை வைத்திருந்த இளைஞர் ஒருவர் மனைவியோடும் இரண்டு சிறு குழந்தைகளோடும் வந்து பார்த்தார். அவர் மெக்கானிக் எவரையும் அழைத்து வரவில்லை, காந்தமும் கொண்டுவரவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்த அழகிலேயே மனம் நிறைந்து, 35,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். குழந்தைகள் அதற்குள் பின்னிருக்கையில் ஏறித் துள்ளத் தொடங்கின.

எழுத்தர் சற்று நேரம் பேசாமல் நின்றார். கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கியிருந்தது. இளைஞர் எதனையும் கேட்கவில்லை. கேளாதவரிடம் சொல்லாமல் விடுவது பொய்யாகாது என்று உலகத்தார் பலரும் எண்ணுவர். எழுத்தர் குழந்தைகளை இறக்கிவிட்டு, இருக்கையைத் தூக்கி, அதன் கீழே விரித்திருந்த பாயை நீக்கிக் காட்டினார். கை நுழையும் அளவுக்குத் துரு தளத்தைத் தின்றிருந்தது. "இருக்கையைத் தாங்கும் இடமும் வலுவிழந்திருக்கிறது. தகடு வைத்து ஒட்டுப்போடாமல் குழந்தைகளை இங்கே உட்கார வைக்காதீர்கள். இரண்டாம் கியரும் சில வேளைகளில் தானே நழுவும்" என்றார். இளைஞர் திகைத்தார், பின்னர், ஒட்டுப்போடும் செலவைக் கழித்து 26,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, மறுநாள் பணத்தோடு வருவதாகக் கூறிச் சென்றார். குறைந்த தொகையை அலுவலகத்தில் முன்பணமாகப் பெறுவது என்று எழுத்தர் முடிவு செய்தார்.

அன்றிரவு மகள் கேட்டாள்: "அப்பா, அவர் கேட்கவே இல்லையே, நீங்கள் ஏன் சொன்னீர்கள்?"

எழுத்தர் நீல நோட்டை எடுத்தார். பழுத்துப்போன அதன் முதற்பக்கத்தைத் திருப்பி, சிவப்பு மையில் எழுதியிருந்த வரியை அவளுக்குக் காட்டினார்.

"இதை எழுதியவரும் நான் கேட்டு எழுதவில்லை, அம்மா" என்றார்.

பின்னர்ப் பேனாவை எடுத்து, நோட்டின் புதிய பக்கம் ஒன்றில், "பின்னிருக்கைத் தளம் துருப்பிடித்துள்ளது. முதல் வேலையாக ஒட்டுப்போடுக" என்று எழுதி, அடிக்கோடும் இட்டார். மறுநாள் காலை, சாவியோடு அந்த நோட்டும் இளைஞர் கைக்குச் சென்றது. வாங்கிய இளைஞர் அங்கேயே நின்று அதனைப் பிரித்துப் படித்தார். படித்து முடித்தபின், மனைவியையும் குழந்தைகளையும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைத் தாம் மட்டும் ஓட்டிக்கொண்டு நேரே ஒட்டுப்போடும் பட்டறைக்குச் சென்றார்.